எட்டுக் கால் பொருத்தம்

க்வெட்டோஸ்லாவ்,
பில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.
முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

உன் ஆம்ப்ளிஃபயர் வயிறு திறந்து
என் மேசையில் கிடக்கிறது.
கருகிய வார்னிஷ் வாடை
மூன்று நாளாகக் கோட்டை விட்டுப் போகவில்லை.
டிராமில் பக்கத்தில் இருந்தவள்
எழுந்து வேறு இருக்கை பார்த்தாள்.

நீ சொன்ன வரிசையிலேயே வைத்துப் பார்க்கிறேன்.
பிப்ரவரி. ஒஸ்ட்ராவா. சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின்
ஆண்டு நடனம். ஐந்து மணி ஒத்திகையில்
ஒரு வால்வு செத்தது.
சனிச் சந்தையில் வாங்கிப் பத்திரப்படுத்திய நாலையும்
செருகிவிட்டாய்.
எட்டுக் கால். எட்டுத் துளை.
நடுவில் திசை சொல்லும் அந்தச் சின்ன மேடு.
இடிக்கவில்லை. அடம்பிடிக்கவில்லை.
பத்தில் எட்டுப் பொருத்தம்.
மீதி இரண்டை
யார் கேட்கிறார்கள்?

முதல் ஒரு மணி நேரம்
நன்றாகவே பாடியது என்றாய்.
நன்றாக என்ன, முன்பைவிட.
அக்கார்டியன்காரன் திரும்பிப் பார்த்துப்
புருவம் தூக்கினானாம்.

உள்ளே வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.
நாலு பேருக்கு உலை வைத்த வீட்டில்
ஏறக்குறைய ஏழு பேர்
பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்.
வெறும் இழை சூடேறவே
ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர் தின்கிற ஜாதி.
அகப்பை பிடித்தவள் டிரான்ஸ்ஃபார்மர்.
இல்லை என்று சொல்லத் தெரியாதவள்.
போட்டாள், போட்டாள்,
போட்டுக்கொண்டே வெந்தாள்.

தகடு சிவந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள்.
வெடித்திருந்தால் ஓடியிருப்பார்கள்.
பதமான ஆரஞ்சு வெளிச்சம் மட்டும்.
ஒரு பெண் அதை அழகு என்றாளாமே.

ஒன்பதே காலுக்கு ஃப்யூஸ் போனது.
அந்த இரவில் உண்மை பேசியது
அது ஒன்றுதான்.
நீ அதற்குச் சாக்லேட் வெள்ளித்தாளைச் சுற்றி
மறுபடி வாயை மூடினாய்.

பத்தரைக்குப் புகை.
சமையலறையில் சாசேஜ் தீய்ந்துவிட்டதென்று
போல்கா நிற்கவில்லை.
மீட்புக் குழுவில் இருபது வருஷம் இருந்த
ஓட்டகார்தான், ஜோடியை நடுத்தரையில் விட்டுவிட்டு
மோப்பம் பிடித்து நேரே வந்து
பிளக்கைப் பிடுங்கினான்.
மேடைத் திரை ஒன்றரை அடி தள்ளி இருந்தது.
அளந்து பார்த்தேன். ஒன்றரை அடி.

இனி, உனக்குத் தெரியாதது.

சந்தையில் உனக்கு விற்றவன் யாரோமிர், என் தம்பி.
பெட்டி என்னுடையது.
டிசம்பரில் ஒரு இரவு, தூசி படிந்த வால்வுகளை
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
பளபளவென்றிருந்தால் விலை கூடும்.
தூசியோடு எண்ணும்
துணிக்கு வந்துவிட்டது.
வெறும் கண்ணாடி கையில் நின்றது.
உருண்டை வயிறு, பழுப்பு அடி.
தூக்கம் வேறு.
6எல்6 என்று பென்சிலால் அட்டையில் எழுதினேன்.
முப்பது வருஷமாகப் பார்க்கிற முகம்,
சோதனை மீட்டரில் வைத்துப் பார்க்கச்
சோம்பல்.
நேற்று வைத்துப் பார்த்தேன்.
ஈஎல்34.
நாலும்.

நாலும் நன்றாகவே இருக்கின்றன, க்வெட்டோஸ்லாவ்.
ஒரு கீறல் இல்லை.
தின்றவர்கள் கை கழுவி எழுந்துவிட்டார்கள்.
வெந்தவள்தான்
கறுத்த காகிதமும் செம்புமாகப்
பழைய இரும்புக் கூடையில்.

ஆகவே இப்படி எழுதுகிறேன்:
டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, என் செலவு.
சரியான வால்வு நாலு, என் செலவு.
ஆறு மணி நேர வேலை, அதுவும்.
ஃப்யூஸ் ஒன்று, உன் கணக்கு.
அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த நாலையும் விற்கவில்லை.
பழுப்பு அடியில் ஆணியால்
எண்ணைக் கீறி வைத்திருக்கிறேன்,
கோணல் மாணலாக,
ஸ்பிரிட் தொட்டாலும் போகாத ஆழத்துக்கு.